மெடல் அடிச்சா லட்சம்... மேட்சுக்குப் போக பஸ் காசு யார் தர்றது?

செஞ்சி பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் விளையாட்டும் - ஒரு அலசல்

அவலூர்பேட்டை:
2025 அக்டோபர் மாதம் பஹ்ரைன் நாட்டில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் அடித்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று துவைத்து எடுத்துவிட்டார்கள் நம்ம பொண்ணுங்க. அணியின் துணை கேப்டன் கார்த்திகா, சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்தவர். ஊர் திரும்பியதும் மாலை, மேளம், பட்டாசுதான். தமிழக அரசு ரூ.25 லட்சம் பரிசு கொடுத்தது. ஆண்கள் அணியில் ஆடித் தங்கம் வாங்கிய வடுவூர் அபினேசுக்கும் அதே ரூ.25 லட்சம்.

சந்தோஷமான விஷயம். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இங்கே கேள்வி வேற. அதே மாதிரி திறமையுள்ள ஒரு பொண்ணு அவலூர்பேட்டை பக்கம் ஏதோ ஒரு செங்கல் சூளையில கல்லு அடுக்கிக்கிட்டு இருந்தா, அவ வெளியே தெரிவாளா? அவ பள்ளிக்கூடத்து டீமில் முதல்ல அவ பேரு இருக்குமா?

கண்ணகி நகரில் நடந்தது என்ன?

கண்ணகி நகர் என்ன வசதியான இடமா? இல்லவே இல்லை. சென்னைக்குள் ஆற்றங்கரைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் இருந்த ஜனங்களை 2000-ம் ஆண்டில் இருந்து கிளப்பிக் கொண்டுவந்து, துரைப்பாக்கம் பக்கம் குடிவைத்த இடம் அது. வேலை கேட்டுப் போனால், விலாசத்தைப் பார்த்ததுமே ‘அப்புறம் சொல்லி அனுப்புறோம்’ என்று திருப்பி அனுப்பிய கதை ஏராளம். பேப்பரில் அந்த ஊர்ப் பேர் வந்தால் போலீஸ் செய்தியாகத்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட இடத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கபடி சொல்லிக்கொடுக்க உள்ளூரிலேயே ஒரு பயிற்சியாளர் இருந்தார். நடந்து போகிற தூரத்தில் ஆட இடம் இருந்தது. தினமும் ஆட்டம் நடந்தது. இந்த மூணும் இருந்ததால்தான் கார்த்திகா வந்தார். 25 லட்சம் அதுக்கு அப்புறம் வந்தது. இந்த வரிசையை நாம அடிக்கடி தலைகீழாப் புரிஞ்சுக்கிறோம்.

வெறுங்காலோடு ஓடிய ரேவதி

இன்னொரு கதை மதுரைப் பக்கம். சக்கிமங்கலம் ரேவதி சின்ன வயசிலேயே அப்பா, அம்மா ரெண்டு பேரையும் இழந்தவர். பாட்டிதான் கூலி வேலைக்குப் போய் வளர்த்தார். பள்ளியில் படிக்கும்போது நடந்த மண்டலப் போட்டியில் வெறுங்காலோடு ஓடினார். அதைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன், ‘இந்தப் பொண்ணை விடக்கூடாது’ என்று முடிவு பண்ணிவிட்டார்.

பாட்டி சம்மதிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளையை ஓட விடுறதான்னு சொந்தக்காரங்க ஏச்சு வேற. கண்ணன் வீடு தேடிப் போய்ப் பேசி, மதுரை லேடி டோக் கல்லூரியில் இலவசமாகப் படிக்கவும் தங்கவும் வழி பண்ணினார். டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தபோது கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடியவர் இந்த ரேவதி.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு. ரேவதியை யாரும் பெரிய ஸ்டேடியத்தில் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் போட்டியில்தான் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு அந்தப் பொண்ணு காய்ச்சல் என்றோ, பஸ்சுக்குக் காசில்லை என்றோ வராமல் இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் கதையை எல்லோரும் அறிவார்கள். அஞ்சு வயசில் பள்ளிக்குப் போகும்போது பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி வித்துக் காப்பாற்றினார். பள்ளி விளையாட்டு ஆசிரியர் ராஜேந்திரன்தான் ‘நீ உயரம் தாண்டு’ என்று இறக்கிவிட்டார். 14 வயசில் கலந்துகொண்ட முதல் போட்டியில், நல்ல கால் உள்ள பசங்களோடு தாண்டி இரண்டாம் இடம்! பிறகு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிசில் வெண்கலம். 2021-ல் தமிழ்நாடு காகித ஆலையில் அரசு வேலையும் கிடைத்தது.

ஒரு பி.டி. வாத்தியார் ‘கால் ஊனம், ஓரமா உட்காரு’ என்று சொல்லாமல் இருந்ததுதான் இத்தனைக்கும் தொடக்கம். நிறையப் பள்ளிகளில் அந்த ‘ஓரமா உட்காரு’தான் இன்னமும் நடக்கிறது.

முதல் படியிலேயே வழுக்கல்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். அவலூர்பேட்டை மேல்மலையனூர் தாலுகாவில் இருக்கிற சந்தை ஊர். நெல்லும் மணிலாவும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உண்டு. சுத்துப்பட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் எல்லாம் இங்கேதான் மேல்நிலைப் பள்ளிக்கு வருகிறார்கள். பெற்றோர் பெரும்பாலும் விவசாயக் கூலி, கட்டிட வேலை, நூறு நாள் வேலை என்று போனவர்கள். இல்லையென்றால் பெங்களூர், சென்னை பக்கம் வேலை தேடிப் போயிருப்பார்கள்.

பள்ளி விளையாட்டில் ஒரு ஏணி இருக்கிறது. முதலில் குறுவட்டப் போட்டி. அதில் ஜெயித்தால் மாவட்டம். அதிலும் ஜெயித்தால் மாநிலம். குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி என்று இரண்டு தொகுதி. பேப்பரில் பார்க்க ரொம்ப நியாயமான ஏற்பாடு. யார் வேணும்னாலும் ஏறலாம்.

ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

மாவட்டப் போட்டி விழுப்புரத்தில் என்றால் அவலூர்பேட்டையில் இருந்து செஞ்சி வழியாக ஏறக்குறைய 60 கிலோ மீட்டர். காலை ஏழு, எட்டு மணிக்கெல்லாம் மைதானத்தில் நிக்கணும். இலவச பஸ் பாஸ் வீட்டில் இருந்து பள்ளிக்குத்தான் செல்லும், விழுப்புரத்துக்குச் செல்லாது. 2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பயணமும் டவுன் பஸ்சுக்குத்தான். செஞ்சி - விழுப்புரம் வெளியூர் பஸ்சில் பொம்பளைப் பிள்ளையும் டிக்கெட் எடுக்கணும். துணைக்கு அம்மா போனால் அவருக்கும் டிக்கெட், அதோடு ஒரு நாள் கூலியும் போச்சு.

சாப்பாடு? சத்துணவுக் கூடம் பள்ளியில் இருக்கிறது, பிள்ளை மைதானத்தில் இருக்கிறது. 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்ததும், 1982-ல் எம்.ஜி.ஆர். அதை சத்துணவாகப் பெரிதாக்கியதும், பசியால் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடக் கூடாது என்றுதான். போட்டி நாளில் மட்டும் அந்தத் தட்டு பிள்ளையோடு போவதில்லை. டீம் நல்ல டீமாக இருந்தால் வாத்தியார் தன் பாக்கெட்டில் இருந்து எடுத்து பரோட்டா வாங்கிக் கொடுப்பார். இது ஊர் அறிந்த ரகசியம். எத்தனை நாளைக்கு வாங்கிக் கொடுப்பார்?

இன்னொரு பக்கம் பாருங்க. 2024 முதலமைச்சர் கோப்பைப் போட்டிக்கு 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். பரிசுத்தொகை மட்டும் ரூ.37 கோடி. மாநில அளவில் தனிநபர் போட்டியில் முதல் பரிசு ரூ.1 லட்சம். மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப் பிரிவு இருந்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு, இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் 500 சீட். இது எல்லாம் நல்லதுதான். 2024 ஜனவரியில் நம்ம மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் தமிழ்நாடு 38 தங்கத்தோடு இரண்டாவது இடம் பிடித்ததற்கு இந்த ஊக்கமும் ஒரு காரணம்.

ஆனால் காசு எல்லாம் ஏணியின் உச்சியில் கட்டித் தொங்குது. கீழ்ப் படியில் ஒரு பஸ் டிக்கெட்டுக்கும் ஒரு பொட்டலம் சாப்பாட்டுக்கும் வழியில்லை. உச்சிக்குப் போகிற பிள்ளை யார்? கீழ்ப் படிச் செலவை வீட்டில் தாங்க முடிந்த பிள்ளை. ஏழையிலும் கொஞ்சம் தேவலையான ஏழை ஏறிவிடுகிறான், அவனுக்கும் கீழே இருப்பவன் வேடிக்கை பார்க்கிறான்.

கணக்கு சார் கடன் வாங்கிய பீரியடு

விழுப்புரம் மாவட்டம் படிப்பில் பின்தங்கிய மாவட்டம் என்று பேர் எடுத்தது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம் என்றால், இந்த மாவட்டத்தில் சுமார் 72 சதவீதம்தான். அதனால் ரிசல்ட் வரும் சீசனில் தலைமை ஆசிரியர்களுக்கு நெருக்கடி. அந்த நெருக்கடியில் முதல் பலி பி.டி. பீரியடு. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் கணக்கு சார் ‘கடன்’ வாங்குவார். அந்தக் கடன் திரும்பி வந்ததாக சரித்திரம் இல்லை.

வாத்தியார் விஷயமும் அப்படித்தான். 2010-ல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேணும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேணும் என்கிறது. அதை வைத்து 2012-ல் தமிழகத்தில் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி எல்லாம் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டார்கள். வாரம் மூணு அரை நாள் வேலை. சம்பளம் மாதம் ரூ.5 ஆயிரம். பத்து வருஷத்துக்கு மேல் போராட்டம் பண்ணிப் பண்ணித்தான் அது ரூ.12,500-ஐத் தொட்டது.

மீதி நாள் வயித்துப் பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கிற ஒருவரை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் நின்னு கபடி சொல்லிக்கொடுன்னு எந்த வாயால கேட்கிறது? அப்படியும் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். மாரியப்பனுக்கு ராஜேந்திரன் வாய்த்த மாதிரி எல்லோருக்கும் வாய்க்குமா? அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு மாநிலம் திட்டம் போட முடியாது.

லிஸ்ட்டில் இல்லாத பிள்ளை

செஞ்சி, திண்டிவனம், மேல்மலையனூர் பக்கம் இருளர் குடும்பங்கள் நிறைய. வயலில் எலி பிடிப்பது, கரி போடுவது, கரும்பு வெட்டுவது, ரைஸ் மில், செங்கல் சூளை... இதுதான் பிழைப்பு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தாச்சு. ஆனாலும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போவது நிற்கவில்லை. பொங்கல் முடிந்து கிளம்பினால் திரும்ப ஆனி, ஆடி ஆகும். அதுக்குள் பிள்ளையின் பேர் வருகைப் பதிவேட்டில் ‘நீண்ட நாள் வரவில்லை’ என்று ஆகிவிடும்.

குறுவட்டப் போட்டி பள்ளி திறந்து ஒன்றிரண்டு மாதத்தில் வந்துவிடும். டீம் லிஸ்ட் எழுதும்போது அந்தப் பிள்ளை வகுப்பிலேயே இருக்காது. இருந்தாலும் வயசுச் சான்று கேட்பார்கள். சூளையிலும் கொல்லையிலும் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பைப் பதிந்தது யார்? விடுதி, உதவித்தொகை என்று மேலே போனால் சாதிச் சான்று. பழங்குடிச் சான்று என்றால் தாசில்தார் கையெழுத்து போதாது, ஆர்.டி.ஓ. கொடுக்கணும். அதுக்கு நடையா நடக்கணும். ஜெய் பீம் படம் 2021-ல் வந்த பிறகு ஊரே இருளருக்காகக் கண்ணீர் விட்டது. சான்றிதழுக்கு நடக்கிற நடை அதனால் குறைந்துவிடவில்லை.

‘காடு மேடு ஓடி வளர்ந்த பசங்க, என்னமா ஓடுவாங்க தெரியுமா’ என்று பேசுவதற்கு மட்டும் ஆள் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் பேரைச் சேர்க்கத்தான் ஆள் இல்லை.

ஒரே டீம்... ஒரே குடம்

இதைச் சொல்லாமல் விட முடியாது. ஊருக்குள் கபடி டீம் என்றாலே தெருவுக்கு ஒரு டீம்தான். ஊர்த் தெரு டீம் தனி, காலனி டீம் தனி. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய மணத்தி கணேசன் வாழ்க்கையை வைத்து 2025-ல் வந்த பைசன் படத்தில் பேசப்பட்டதும் இந்தச் சங்கதிதான்.

பள்ளி மைதானம் ஒண்ணுதான் ரெண்டு தெருப் பசங்களும் ஒரே பனியன் போட்டு ஆடுகிற இடம். கபடியில் கையைக் கோத்துச் செயின் பிடிக்கணும். பிடிக்கிறது யார் கைன்னு பார்த்துக்கிட்டு இருந்தா ரைடர் கோட்டைத் தொட்டுட்டுப் போயிடுவான்.

இது லேசான விஷயம் இல்லை. இதே விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023-ல், தலித் மக்கள் உள்ளே வரக்கூடாது என்ற தகராறில் திரவுபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டி வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை, கூடப் படிக்கும் பசங்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கலர் கயிறு கட்டக் கூடாது என்பது உட்பட நிறையப் பரிந்துரைகள். கயிறை அவிழ்க்கச் சொல்வது சரிதான். அவிழ்த்த கைகளைக் கோத்துப் பிடிக்க ஒரு ஆட்டமும் வேணும்.

ஆனால் விளையாட்டு வைத்தாலே சாதி போயிடும் என்று நம்பினால் ஏமாந்து போவோம். டீமை எடுப்பது யார், கேப்டன் யார், மேட்ச் முடிந்து தண்ணி குடிக்கும்போது ஒரே குடமா, ரெண்டு குடமா... இதையெல்லாம் ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் மைதானம் ஒட்ட வைக்கும். இல்லாவிட்டால் அங்கேயே மண்டை உடையும்.

வயசுக்கு வந்தா ஆட்டம் முடிஞ்சுதா?

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு முட்டுக்கட்டை. எட்டாம் வகுப்பு வரை கோ-கோவில் பறப்பாள். வயசுக்கு வந்ததும் ‘டவுசர் போட்டுக்கிட்டு ஊர் ஊரா ஆடப் போறதா’ என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அம்மாக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இருட்டின பிறகு கடைசி பஸ்சில் பிள்ளை தனியாக வந்து இறங்குவது யாருக்கும் பயம்தான். பெண் ஆசிரியை கூட வருகிறார், ட்ராக் பேன்ட் போடலாம், மைதானத்தில் கழிப்பறை இருக்கு, ஏழு மணிக்குள் வீட்டில் விடுவோம்... இந்த நாலும் உறுதியானால் பாதி வீட்டில் தடை இருக்காது. ரேவதியின் பாட்டியே ஒத்துக்கொண்டாரே!

ஆட வேணுமா? ஸ்கூலுக்கு வா!

சென்னை வியாசர்பாடியில் 1997-ல் உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு பேர் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஸ்டெட்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். புட்பால் ஆடலாம், காசு வேண்டாம். ஒரே கண்டிஷன், ஸ்கூலுக்குப் போகணும். படிப்பை விட்டு ஓடிய பசங்க பந்துக்காகத் திரும்ப வகுப்புக்குப் போனார்கள். இந்திய அணிக்கு ஆடிய நந்தகுமார் சேகர் வியாசர்பாடிக்காரர்தான். ஆனால் அந்த ஏரியாவுக்குக் கிடைத்த லாபத்தை நந்தகுமாரை வைத்து மட்டும் கணக்குப் போடக் கூடாது. புட்பாலில் பேர் வாங்காமல், பத்தாவது பன்னிரண்டாவது முடித்து வேலைக்குப் போனவர்கள்தான் பெரிய கணக்கு.

ஐஸ்லாந்து என்று ஒரு குட்டி நாடு. அங்கே 1998-ல் 15, 16 வயசுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், முந்தைய ஒரு மாதத்தில் குடித்து போதையானதாகச் சொன்னார்கள். 2016-ல் அது 5 சதவீதமாக இறங்கியது. பெற்றோர் கண்காணிப்பு, இரவில் வெளியே சுற்றக் கட்டுப்பாடு என்று பல காரணம் உண்டு. முக்கியமான ஒன்று, பிள்ளைகளை விளையாட்டு, பாட்டு என்று இழுத்தது. தலைநகர் ரெய்க்யவிக்கில் அதற்கான கட்டணத்துக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் நகராட்சியே பணம் ஒதுக்கியது. ஜெயித்தவனுக்கு மட்டும் இல்லை, சேர்ந்த எல்லோருக்கும். டாஸ்மாக் வாசலில் யூனிபார்ம் போட்ட பையன் நிற்கும் படம் வரும்போதெல்லாம் அதிர்ச்சி அடைகிற நாம், சாயங்காலம் நாலரை முதல் ஆறரை வரை அவன் எங்கே போவான் என்று யோசிப்பதில்லை.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. மெடலை மட்டும் பார்த்து ஓடினால், நல்லா ஆடுகிற நாலு பிள்ளையைத் தனியார் பள்ளிகள் இலவச சீட் கொடுத்துக் கொத்திக்கொண்டு போய்விடும். மீதி நாற்பது பேர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கபடியில் ஏழு பேர், கோ-கோவில் ஒன்பது பேர் களத்தில் இறங்கலாம். ஒரு பள்ளியில் நானூறு பேர் இருந்தால் மீதிப் பேர் என்ன பண்றது? வகுப்புக்கு வகுப்பு, வாரா வாரம் மேட்ச் வைத்தால் எல்லோரும் ஆடலாம். கபடிக்கு என்ன செலவு? சுண்ணாம்புக் கோடுதானே!

சாவி யார்கிட்ட இருக்கு?

2024-ல் தமிழகத்தில் உள்ள 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பேட், பந்து, வாலிபால் என்று 33 வகைப் பொருட்கள். மேல்மலையனூர் ஒன்றியத்து ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் உண்டு. அந்த மூட்டை இப்போ எங்கே இருக்கு, யாருடைய கையில் சாவி இருக்கு, சாயங்காலம் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கிறார்களா என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு பஸ் கட்டணம், சாப்பாடு, துணைக்கு ஒரு பெண் என்று அங்கே தீர்மானம் போடலாம். சூளையில் இருந்து திரும்பி வரும் பிள்ளைக்கு லிஸ்ட்டில் ரெண்டு இடம் விட்டு வைக்கச் சொல்லலாம். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகள் யார் யார் என்று ஒரு பேப்பரில் எழுதி, முன்கூட்டியே தாலுகா ஆபீசில் கொடுக்கலாம். போட்டிக்கு முந்தின நாள் ஓடினால் வேலைக்கு ஆகாது.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடும். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் கேட்கலாம் என்று விட்டால் அதுக்குள் குறுவட்டப் போட்டிக்கு டீம் எடுத்து முடித்துவிடுவார்கள். மே 1-ம் தேதி கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும்.